சிறுத்தையைச் சுட்டுவிட்டால் பயம் தீருமா?

வாசகர் கேள்வி:

ஐயா, நாங்கள் நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்துப் பிழைக்கிறோம். ஒரு மாதமாகச் சிறுத்தை நடமாட்டம். முதலில் பக்கத்து வீட்டு நாயைக் காணவில்லை. அப்புறம் எங்கள் ஆட்டை அடித்துவிட்டது. கடைக்காரர் மாட்டியிருக்கும் சிசிடிவியில் நள்ளிரவு தாண்டி அது ரோட்டைக் கடப்பது பதிவாகியிருக்கிறது. எனக்கு ஐந்து வயதில் மகள். காலையில் ஸ்கூல் வேன் ஏற அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். 2024 ஜனவரியில் மேங்கோ ரேஞ்ச் எஸ்டேட்டில் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கேரளப் பக்கம் காட்டுப்பன்றி சுடும் ஆட்களைத் தெரியும், கூட்டி வருகிறேன் என்கிறான் என் தம்பி. பன்றியைச் சுடலாம் என்றால் சிறுத்தையை ஏன் சுடக்கூடாது? மனித உயிரை விடச் சிறுத்தை உயிர் பெரிதா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

வன உயிரின மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் கண்ணில் பட்டது, நாயைத் தூக்கியது, ஆட்டை அடித்தது என்ற காரணங்களுக்காக ஒரு சிறுத்தையைச் சுடக்கூடாது. தம்பி சொல்லும் ஆட்களை எந்தக் காரணத்துக்காகவும் கூட்டி வராதீர்கள். ஆனால் ஒரு சிறுத்தை மனிதர்களைத் தாக்குகிறது என்று உறுதியாகிவிட்டால், அதை அங்கிருந்து அகற்றியே ஆக வேண்டும். பிடிக்கவே வழியில்லை என்றால் சுடத்தான் வேண்டும். காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்த்தே என் காலம் போயிருக்கிறது. அப்படிப்பட்ட நானே இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். உங்கள் மகளின் உயிருக்கு முன்னால் எந்தச் சிறுத்தையின் உயிரும் பெரிதில்லை.

மேங்கோ ரேஞ்சைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே சிறுத்தை தாக்கி மூன்று வயதுக் குழந்தை இறந்தது 2024 ஜனவரி 6ஆம் தேதி. மறுநாளே அந்தச் சிறுத்தையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தைய வாரங்களிலேயே அந்தப் பகுதியில் பெண்கள் தாக்கப்பட்டிருந்தார்கள். குழந்தை இறந்த பிறகு மக்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்ததில் நியாயம் இருந்தது. மனிதர் மீது முதல் தாக்குதல் நடந்ததுமே முழு வேகத்தில் இறங்க வேண்டும். அந்த இடத்தில் தாமதத்துக்கு மன்னிப்பு கிடையாது. உங்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் ஊரில் இப்போது இருப்பது வேறு நிலை. நாய் போயிருக்கிறது, ஆடு போயிருக்கிறது, கேமராவில் ஒரு உருவம் ரோட்டைக் கடந்திருக்கிறது. இந்த மூன்றும் நடக்காத மலையோரக் கிராமம் தமிழ்நாட்டில் அநேகமாகக் கிடையாது. 2022 கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 1,070 சிறுத்தைகள் இருக்கின்றன. அவையெல்லாம் அடர்ந்த காட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதில்லை. தேயிலைத் தோட்டம், கல்குவாரி, கரும்பு வயல், ஓடைப் புதர் என்று மறைவு எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் தங்கும். மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற ஊரைச் சுற்றி ஒரு ஆய்வு நடந்தது. காடே இல்லாத விவசாயப் பகுதி, சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிற இடம். அங்கே 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 வளர்ந்த சிறுத்தைகள் இருப்பது தானியங்கி கேமராக்களில் தெரியவந்தது. அவற்றின் இரையில் முதலிடம் நாய்க்கு. மனிதர்களை அவை தொடவில்லை.

நம் வால்பாறைக் கணக்கு இன்னும் ஆச்சரியமானது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து, அதில் இருந்த மயிரையும் எலும்பையும் வைத்து அவை எதைத் தின்கின்றன என்று பார்த்தார்கள். எடைக் கணக்கில் 98 சதவீதம் காட்டு இரை. கேளையாடு, சருகுமான், கடமான், முள்ளம்பன்றி ஆகிய நான்கே பெரும்பங்கு. ஆடு, மாடு, நாய் எல்லாம் சேர்ந்து 2 சதவீதம்கூட வரவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் தினமும் நடமாடும் விலங்கு, அந்த வீடுகளை ஒட்டிய சரிவில் சருகுமானைத் தேடித்தான் வருகிறது.

இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. அதே வால்பாறையில் 2025 ஜூனில் ஒரு நான்கு வயதுக் குழந்தையைச் சிறுத்தை வீட்டு வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போனது. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். சிறுத்தை குழந்தைகளைத் தாக்கும் நேரமும் இடமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: இருட்டும் நேரம், வெளிச்சமில்லாத வாசல், வாசலை ஒட்டியே புதர், தனியாக நிற்கும் குழந்தை. இந்த நான்கில் இரண்டை மாற்றினால்கூட ஆபத்து பெருமளவு குறையும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் வால்பாறையில் ஒரு எட்டு வயதுச் சிறுவன் இறந்தபோது சிறுத்தை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், செய்தியும் அப்படியே வந்தது. உடலில் இருந்த காயங்களைப் பார்த்த பிறகுதான் கரடி என்று தெரிந்தது. காயத்தை ஒழுங்காகப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சிறுத்தை கழுத்தைக் கவ்வும். கோரைப்பற்கள் இறங்கிய துளைகள் தெளிவாகத் தெரியும். கரடி முகத்தையும் தலையையும் நகத்தால் கிழிக்கும். அன்றிரவே யாராவது துப்பாக்கியோடு கிளம்பி, கண்ணில் பட்ட சிறுத்தையைச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரடி அங்கேயேதான் இருந்திருக்கும். ஊர்க்காரர்களோ ஆபத்து போய்விட்டது என்று நம்பிக் குழந்தைகளை வெளியே விட்டிருப்பார்கள்.

சிறுத்தை விஷயத்திலும் இதே சிக்கல்தான். உங்கள் கடைக்காரரின் கேமராவில் வந்ததும், உங்கள் ஆட்டை அடித்ததும், பக்கத்து வீட்டு நாயைத் தூக்கியதும் ஒரே சிறுத்தையா? ஓர் ஆண் சிறுத்தையின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெண் சிறுத்தைகள் இருக்கலாம், அவற்றோடு வளர்ந்த குட்டிகளும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உடம்பில் இருக்கும் பூ வடிவப் புள்ளிகள் வேறு வேறு, நம் கைரேகை போல. விலாப் பக்கத்தைத் தெளிவாக எடுத்த படம் இருந்தால்தான் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னும்போது எவ்வளவு கை தேர்ந்த வேட்டைக்காரராலும் அதைச் சொல்ல முடியாது.

சரி, ஏதோ ஒன்றைச் சுட்டாலும் ஒன்று குறைந்ததுதானே என்று தம்பி கேட்பார். குறையாது. எல்லை பிடித்து வாழும் ஆண் சிறுத்தை போனால், அந்த இடத்துக்கு இளவட்டச் சிறுத்தைகள் வரும், சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்டவை வரும். ஊரின் நடைமுறை, எந்த நேரத்தில் ஆள் நடப்பார்கள், எந்தப் பாதையைத் தவிர்க்க வேண்டும் என்று பழைய சிறுத்தைக்குத் தெரிந்திருந்தது எதுவும் இவற்றுக்குத் தெரியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பூமா என்கிற மலைச் சிங்கங்களை வேட்டையாட உரிமம் உண்டு. அங்கே பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, முந்தைய ஆண்டில் அதிகம் சுட்ட இடங்களில் அடுத்த ஆண்டு புகார்களும் கால்நடை இழப்பும் கூடியிருந்தன என்பதைத்தான்.

சுட வேண்டாம், பிடித்துக் கொண்டுபோய்த் தூரக் காட்டில் விடுங்கள் என்று பலர் கேட்கிறார்கள். இதிலும் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் இதன் விலையை மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதி மக்கள் கொடுத்திருக்கிறார்கள். 2001இல் தொடங்கி அங்கே கரும்புக் காடுகளில் இருந்த சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, பல கிலோமீட்டர் தள்ளி இருந்த காடுகளில் விட்டார்கள். அதற்கு முன்னால் ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் தாக்கப்பட்ட இடத்தில், இடமாற்றம் தொடங்கிய பிறகு அது 17 ஆனது. வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட மனித-சிறுத்தை மோதல் வழிகாட்டுதல்களில், கண்ணில் பட்டதற்கெல்லாம் பிடிக்காதீர்கள் என்ற நிலைப்பாடு வந்ததன் பின்னணி இந்த அனுபவம்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு மருத்துவராக நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கூண்டில் மாட்டிய சிறுத்தை விடியும்வரை கம்பியோடு போராடும். நெற்றித் தோல் உரிந்து எலும்பு தெரியும். கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல் உடைந்து, உள்ளே இருக்கும் சிவந்த கூழ் வெளியே தெரியும். நகம் பெயர்ந்திருக்கும். சுற்றிலும் நூறு பேர் நின்று கத்தியபடி செல்போனில் படம் எடுப்பார்கள். இந்த நிலையில் அதைத் தெரியாத காட்டில் கொண்டுபோய் விட்டால், கோரைப்பல் இல்லாமல் கடமானைக் கொல்ல முடியாது. அந்தக் காட்டில் ஏற்கெனவே இருக்கும் சிறுத்தை அடித்து விரட்டும். சொந்த இடத்துக்குத் திரும்பி நடக்கும்போது வழியில் இருக்கும் ஊர்களில் எளிதாகக் கிடைப்பதைத் தின்னும். எந்தத் தொல்லையும் செய்யாமல் முள்ளம்பன்றி தின்றுகொண்டிருந்த விலங்கை நாமே ஆபத்தான விலங்காக மாற்றி வேறொரு ஊருக்கு அனுப்பியிருப்போம்.

நாட்டுத் துப்பாக்கி இன்னும் மோசம். சிறுத்தையை எக்ஸ்ரே எடுத்தால், சில நேரம் தோலுக்கடியில் ஈயக் குண்டுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். எப்போதோ யாரோ சுட்டுத் தவறியது. தோள்பட்டையில் பட்ட குண்டு அதை உடனே கொல்லாது. கால் வீங்கி, சீழ் பிடித்து, நொண்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். நொண்டும் சிறுத்தையால் கேளையாட்டைத் துரத்த முடியாது. கட்டிப்போட்ட ஆடும், குனிந்து விறகு பொறுக்கும் ஆளும்தான் அதற்கு எட்டும். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் ஊரில் யாராவது வேலியோரம் கம்பி வைத்திருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். காயம்பட்ட சிறுத்தையை விட ஆபத்தான சிறுத்தை கிடையாது.

விஷம் வைக்கும் எண்ணமும் யாருக்கும் வரக்கூடாது. 2023 செப்டம்பரில் நீலகிரியிலேயே எமரால்டு பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. தன் மாட்டைப் புலி அடித்த ஆத்திரத்தில் ஒருவர் மாட்டின் உடலில் விஷம் வைத்தார் என்று கைதானார். மாடு போன அவருடைய வேதனை உண்மையானது. அதற்கு மேல் அவருக்கு வந்து சேர்ந்தது வழக்கு.

பன்றி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரளத்தில் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின்பேரில் உரிமம் உள்ளவர்கள் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். சிறுத்தையோ 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சுட்டவர் எல்லை தாண்டிப் போய்விடுவார். அழைத்து வந்த தம்பி இங்கேதான் இருப்பார்.

அதே சட்டம் உங்கள் கையைக் கட்டிப்போடவில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். சிறுத்தை உங்கள் மீதோ மகள் மீதோ பாய்ந்தால், கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம். அதில் அது செத்தாலும், நல்லெண்ணத்தோடு உயிரைக் காப்பாற்றச் செய்தது குற்றமில்லை என்று 11ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் அதே 11ஆம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு இருக்கிறது. பிடிக்கவோ மயக்கவோ வேறு இடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது என்று திருப்தி அடைந்த பிறகு, காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும்.

இந்த அதிகாரம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள். 2015 பிப்ரவரியில் உங்கள் பிதர்காடு, பாட்டவயல் பக்கத்தில் ஒரு பெண் தொழிலாளியைக் கொன்ற புலியையும் சுட்டார்கள். 2021இல் கூடலூர், மசினகுடியில் நான்கு பேர் இறந்ததற்குக் காரணம் என்று சொல்லப்பட்ட, டி23 என்று பெயரிடப்பட்ட புலியை வேட்டையாடவும் உத்தரவு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் உடனே கொன்றுவிடாதீர்கள் என்றது. மூன்று வாரம் அலைந்து அக்டோபர் 15ஆம் தேதி அதை உயிரோடு பிடித்து மைசூரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று வாரமும் மசினகுடி மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இருந்தாலும் சரியான புலியைத்தான் பிடித்தார்கள், கூட்டத்தில் ஒருவரும் சாகவில்லை, அது திரும்பி வரவும் இல்லை.

தனியார் வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டம் உதாரணம். 13 பேரின் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட அவ்னி என்ற பெண் புலியை 2018 நவம்பர் 2ஆம் தேதி இரவு சுட்டார்கள். முதலில் மயக்க ஊசிக்கு முயல வேண்டும், இரவில் சுடக்கூடாது என்ற நடைமுறைகள் மீறப்பட்டதாகத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணையே சொன்னது. அந்தப் புலியை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தாய் போனபின் இரண்டு குட்டிகள் ஊர்களுக்கு நடுவே சுற்றின. பொறுப்புள்ள துறை செய்ய வேண்டியதைத் துப்பாக்கி ஆசை உள்ளவர்களிடம் கொடுத்தால், முடித்துவிட்டோம் என்று சொல்வதில்தான் அவர்கள் அவசரப்படுவார்கள். மிச்சமிருப்பதை ஊர் சுமக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே 2022 ஜனவரியில் ஒரே மாதத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கோவை குனியமுத்தூர் பி.கே. புதூரில் ஒரு பழைய குடோனுக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது. சுற்றிலும் வீடுகள். வனத்துறையினர் வாசலை மறித்துக் கூண்டுகளை வைத்தார்கள், உள்ளே கேமரா பொருத்தினார்கள், ஆட்களை விலக்கினார்கள், காத்திருந்தார்கள். சிறுத்தை கூண்டருகே வரும், மோந்து பார்க்கும், திரும்பிப் போகும். ஐந்து நாள் இப்படியே. மயக்க ஊசி போடுங்கள் என்று எவ்வளவு நெருக்குதல் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊசி பட்டதும் விலங்கு அப்படியே விழுந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கெட்டமைன், சைலசின் மருந்து வேலை செய்யப் பத்து நிமிடமாவது ஆகும். வலியில் மிரண்ட சிறுத்தை அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே வேண்டுமானாலும் பாயும். அவர்கள் அவசரப்படவில்லை. கடைசியில் பசித்த சிறுத்தை நள்ளிரவில் தானே கூண்டுக்குள் நடந்து போனது. ஒருவர் மீதும் ஒரு கீறல் இல்லை.

அதே மாதம் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் பாப்பான்குளத்தில் ஒரு சோளக்காட்டில் சிறுத்தை இருந்தது. தட்டு அறுக்கப் போன விவசாயிகளைத் தாக்கியது. செய்தி பரவியதும் கூட்டம் சேர்ந்தது. தேடப் போன வனத்துறை ஊழியர்களும் காயப்பட்டார்கள். மிரண்ட சிறுத்தை திருப்பூர் நகரத்தை ஒட்டிய அம்மாபாளையம் வரை போய், அங்கே இன்னும் சிலரைத் தாக்கிய பிறகுதான் மயக்க ஊசிக்கு அகப்பட்டது. நான்கு சுவருக்குள் மாட்டிய சிறுத்தையைப் பிடிப்பதும் ஆளுயரச் சோளத்துக்குள் இருப்பதைப் பிடிப்பதும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டம் இருந்ததும் இல்லாததும்தான் காயங்களின் எண்ணிக்கையை முடிவு செய்தது என்பது என் உறுதியான கருத்து. தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் உங்கள் தம்பியும் அவர் நண்பர்களும் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கம்போடு உள்ளே இறங்குவதல்ல. ரோட்டில் நின்று மற்றவர்களை உள்ளே விடாமல் தடுப்பதுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

மகளை வேனுக்குக் கூட்டிப்போகும்போது கையைப் பிடித்தே நடங்கள். முன்னால் ஓட விடாதீர்கள். பனி மூடிய காலையில் சத்தமாகப் பேசிக்கொண்டோ, போனில் பாட்டு வைத்துக்கொண்டோ போங்கள். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் சிறுத்தை விலகிப் போய்விடும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேர்த்து ஒன்றாக அழைத்துப் போனால் இன்னும் நல்லது. பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர் மண்டியிருக்கும், அதை வெட்டச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு குழந்தை வாசலில் தனியாக நிற்கக் கூடாது, ஒரு நிமிடம்கூட. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் அதற்குப் போகும் வழியில் ஒரு விளக்கு போடுங்கள், பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

எதிரில் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், உட்காராதீர்கள். சிறுத்தையின் கண்ணுக்குக் குனிந்த மனிதர் நாலுகால் இரையாகத் தெரிகிறார். கொழுந்து பறிக்கும்போதும் புல் அறுக்கும்போதும் விபத்து நடப்பதற்கு இது ஒரு காரணம். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே, உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டு, மெல்லப் பின்னால் நகருங்கள்.

ஆட்டுக் கொட்டகைக்குக் கதவு மட்டும் போதாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் அது இறங்கும். அந்த இடைவெளியைக் கம்பி வலையால் அடையுங்கள், தரையோரமும் விடாதீர்கள். நாயை இரவில் வெளியே கட்டிப்போடாதீர்கள், உள்ளே விடுங்கள். கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் ரோட்டோரம் கொட்டும் கடை இருந்தால் அதை நிறுத்தச் சொல்லி ஊராகச் சேர்ந்து பேசுங்கள். அந்தக் கழிவுக்கு நாய்கள் கூடும், நாய்களுக்காகச் சிறுத்தை வரும். எஸ்டேட் லைன் வீடுகளில் விளக்கும் கழிப்பறையும் உறுதியான கதவும் செய்துகொடுப்பது நிர்வாகத்தின் கடமை. உங்கள் ஊர்க்காரர்கள் கோபத்தோடு போக வேண்டிய கதவு அது.

தேயிலைக்குள் குட்டிகளைப் பார்த்தால் தொடாதீர்கள், எடுத்து வராதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், இரவில் வந்து தூக்கிக்கொண்டு போகும். குட்டியைக் காணாத தாய் ஊரைச் சுற்றிச் சுற்றி வரும்.

வனச்சரக அலுவலகத்துக்குப் போகும்போது "சிறுத்தையைப் பிடியுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத்தில் மனு கொடுத்து, ஆடு அடிபட்ட இடத்திலும் வேன் நிற்கும் பாதையிலும் தானியங்கி கேமரா வைக்கச் சொல்லுங்கள். எத்தனை சிறுத்தை, எந்த நேரத்தில் வருகிறது, நொண்டுகிறதா, குட்டியோடு இருக்கிறதா என்று அதில் தெரியும். மாலையிலும் அதிகாலையிலும் ரோந்து கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டப்பகலில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே அது பயமில்லாமல் வருவது, சத்தம் போட்டும் விலகாமல் நிற்பது, யார் மீதாவது பாய்வது ஆகிய மூன்றில் ஒன்று நடந்தாலும் அன்றைக்கே மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் தெரிவியுங்கள். அந்த நிலை வந்தால் கூண்டும் மயக்க ஊசியும் கேட்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

ஆடு போனதற்கு நிவாரணம் உண்டு, பலர் அலைச்சலுக்குப் பயந்து கேட்பதே இல்லை. இந்த முறைக்கு ஏற்கெனவே நாளாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். போட்டோ இருந்தால் அதோடும், பார்த்த அக்கம்பக்கத்தினரோடும் வனச்சரகரைப் போய்ப் பாருங்கள். இனி கால்நடை எது அடிபட்டாலும் புதைக்காமல், இழுத்துப் போடாமல், அந்த இடத்திலேயே விட்டுவிட்டு உடனே தகவல் சொல்லுங்கள். வனத்துறையினர் வந்து பார்த்த பிறகு, கால்நடை மருத்துவரின் சான்றோடு மனு கொடுக்க வேண்டும். கழுத்தில் இருக்கும் பல் தடத்தையும் பக்கத்தில் மண்ணில் பதிந்த கால் தடத்தையும் நீங்களே போனில் படம் எடுத்து வையுங்கள். தடத்தில் நகக் குறி இருந்தால் அது நாய். பெரிய தடமாக இருந்து, நகக் குறி இல்லாமல், பின் ஓரம் மூன்று மடிப்பாக இருந்தால் சிறுத்தையாக இருக்கலாம். படத்தில் அளவு தெரிய, தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுங்கள்.